மறுபடியும் "நீட்" எழுதப் போகிறீர்களா?

பரீட்சை முடிவு வந்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அம்மா வைத்த குழம்பு அப்படியே இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அப்பா மெதுவாகக் கேட்டிருப்பார்: "என்னப்பா செய்யலாம்?"

"இன்னும் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்" என்று பிள்ளை சொல்லியிருக்கும்.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடப்பது.

டாக்டருக்குப் படிக்க, 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ்-2 மார்க்கைப் பார்த்தே இடம் கொடுத்தார்கள். 2017-ல் "நீட்" தேர்வு வந்தது. அதில் இருந்து ஒரு புதுப் பிரிவினர் தோன்றினார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, கல்லூரியும் இல்லை. வீட்டில் இருந்து படித்து, மறுபடியும் எழுதுகிறவர்கள்.

இவர்கள் எத்தனை பேர்? ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் தமிழக அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையில் கணக்கு இருக்கிறது. 2016-17-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 100-க்கு 12 பேர்தான் முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். 2020-21-ல் அது 100-க்கு 71 பேர் ஆகிவிட்டது!

இந்த நிலைமை சரியா, தவறா என்பது பெரிய விவாதம். அது இருக்கட்டும். மறுபடியும் எழுத உட்காரும் பிள்ளைக்கு இதில் ஒரு சேதி உண்டு. இரண்டாம் தடவை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று. அதே புத்தகத்தை, அதே மாதிரி, அதே நேரத்தில், அதே பயத்தோடு படித்தால் அநேகமாக அதே மார்க்குதான் வரும். பாடம் பெரும்பாலும் தெரிந்த பாடம்தான். மாற வேண்டியது பழக்கம்.

பழைய விடையைப் பார்க்க மனம் இல்லையா?

தோற்ற பரீட்சையின் கேள்வித்தாளைப் பலர் பரண் மேல் போட்டுவிடுவார்கள். பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். ஆனால் அந்தத் தாளைப் போல உண்மை பேசும் வாத்தியார் வேறு யாரும் இல்லை.

கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்பது விதி. 2025-ல் விடைத்தாளின் படத்தையும் சரியான விடைகளையும் இணையதளத்தில் கொடுத்தார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தவறிய கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள். பாடமே தெரியாமல் தவறியது எது? படித்தும் மறந்து போனது எது? தெரிந்திருந்தும் அவசரத்தில் கோட்டை விட்டது எது?

மூன்றாவது ரகம் எத்தனை என்று எண்ணும்போதுதான் ஆச்சரியமாக இருக்கும். "எது தவறானது?" என்று கேட்டிருப்பார்கள், "எது சரியானது?" என்று படித்திருப்போம். 47-வது கேள்விக்கு உரிய வட்டத்தை 48-ல் கறுப்பாக்கி இருப்போம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 2025-ல் நடந்த தேர்வில் 180 கேள்விகள். மொத்தம் 720 மார்க்கு. சரியான விடைக்கு 4 மார்க்கு. தவறான விடைக்கு 1 மார்க்கு பிடித்துக்கொள்வார்கள். அப்படியானால், தவறிய ஒரு கேள்வி சரியாக மாறினால் லாபம் நாலு அல்ல, ஐந்து!

அவசரத்தில் 15 கேள்விகளைக் கோட்டை விட்ட மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அந்த அவசரத்தை மட்டும் நிறுத்தினால் அவளுக்கு 75 மார்க்கு கூடுகிறது. புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல்!

இதனால்தான் மறுபடி எழுதுகிறவர்கள் ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். தவறு நோட்டு. ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் செய்த தவறு, அதன் காரணம், இரண்டு வரி. அவ்வளவுதான். ஞாயிறு காலையில் அதை ஒரு தடவை புரட்டினால் போதும்.

தெரியாத கேள்வியை விடுவதா, குறிப்பதா?

இதில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், பயந்து போய், பாதி தெரிந்ததையும் விட்டுவிடும். இன்னொரு ரகம், கடைசி 5 நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லா வட்டத்தையும் கறுப்பாக்கும். இரண்டுக்கும் காரணம் பதற்றம்தான்.

கணக்கு என்ன சொல்கிறது? நான்கு விடைகளில் ஒன்றுதான் சரி. ஒன்றும் தெரியாமல் நாலு கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறும். 4 வரவு, 3 செலவு. மிச்சம் 1 மார்க்கு. அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்தான்.

ஆனால் நான்கில் இரண்டு நிச்சயமாக இல்லை என்று தெரிந்தால் கதை வேறு. அப்படி இரண்டு கேள்விகளுக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, ஒன்று தவறு. 4 வரவு, 1 செலவு. மிச்சம் 3.

ஆகவே, "இரண்டைக் கழிக்க முடிந்தால் குறிப்பேன், முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போவேன்" என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் அல்ல இது. முன்கூட்டியே செய்த முடிவு, பதற்றத்தில் பாதியைக் குறைக்கும்.

படித்தது எங்கே போகிறது?

"நன்றாகப் படித்தேன் அம்மா, மறந்து போச்சு" என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு அல்ல. படித்ததைத் திரும்பத் தொடாவிட்டால், முதல் சில நாட்களிலேயே பெரும் பகுதி மறந்து போகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்காஸ் என்ற அறிஞர் தம்மையே சோதித்துப் பார்த்து, 1885-லேயே இதை எழுதி வைத்தார்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. மாணவர்களில் ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து? எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்!

இதில் ஒரு தந்திரம் மறைந்திருக்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது "எல்லாம் தெரிகிறது" என்று தோன்றும். மனதுக்கு இதமாக இருக்கும். மூடிவைத்து எழுதும்போது பாதி வராது. எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலுக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் புத்தகத்தை மூடுவதே இல்லை.

செலவு ஒன்றும் இல்லை. கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை அதில் எழுதுங்கள். 2 நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. எழுத வராத இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம்.

இரவு 1 மணிக்கு எரியும் விளக்கு

நம் ஊரில் இரவு விளக்கு எரிந்தால் பெருமை. "என் மகன் ராத்திரி 1 மணி வரை படிக்கிறான்" என்று தாய் பக்கத்து வீட்டில் சொல்லுவாள். காலை 9 மணிக்கு அவன் எழுந்திருப்பதைச் சொல்ல மாட்டாள்.

இரவெல்லாம் கண் விழிப்பது வீரம் அல்ல. பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 18 வயதுப் பிள்ளைக்கு இரவில் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் 3 மணி நேரத்தை வெட்டினால், படித்ததில் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்டியதாகத்தான் பொருள்.

காபியும் கவனிக்க வேண்டிய சங்கதி. குடித்து 5 மணி நேரம் ஆனாலும், அதில் உள்ள காபின் சத்தில் சுமார் பாதி உடம்பில் தங்கியிருக்கும். மாலை 6 மணிக் காபி, இரவு 11 மணிக்கும் கண்ணைக் கொட்ட விடாது. மாலை 3 மணிக்கு மேல் வேண்டாம்.

செல்போனைப் பற்றி அப்பா தினமும் திட்டுகிறார். பயன் இல்லை. அதை ஒளித்து வைப்பதும் பயன் இல்லை. பாடங்களும் அதில்தான் வருகின்றன. படிக்கிற நேரத்தில் போன் வேறு அறையில், அம்மாவின் புடவைக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கட்டும். இரவிலும் அங்கேயே. வீட்டில் எல்லோருடைய போனும் இரவு 10 மணிக்கு அங்கே போனால் பிள்ளைக்கு வருத்தம் இருக்காது. இதற்கு அப்பா சம்மதிக்க வேண்டும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை

இனி, பலரும் நினைத்தே பார்க்காத ஒன்றைச் சொல்கிறோம்.

"நீட்" பெரும்பாலும் மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடந்து வந்திருக்கிறது. 2023-ல் மே 7. 2024-ல் மே 5. 2025-ல் மே 4. நேரம், பிற்பகல் 2 மணி. 2025-ல் 5 மணி வரை. 180 நிமிடத்தில் 180 கேள்விகள். பிற்பகல் 1.30-க்கு வாசல் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மே மாத ஞாயிறு, பிற்பகல் 2 மணி! தமிழ்நாட்டில் அந்த நேரத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? குழம்பு, ரசம், மோர் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பாய் விரிப்பார்கள். ஆண்டு முழுவதும் ஞாயிறு பிற்பகலில் தூங்கிப் பழகிய உடம்பை, அந்த ஒரு ஞாயிறு மட்டும் பௌதிகக் கணக்குப் போடச் சொன்னால் போடுமா? மதிய வேளையில் கண் அயர்வது உடம்பின் இயல்பு. வெயிலும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, குறைந்தது கடைசி 8 ஞாயிறுகளையாவது அந்த ஞாயிறு மாதிரியே நடத்திப் பாருங்கள்.

காலை 6 மணிக்கு எழுந்திருங்கள். சாப்பாடு 10½ மணிக்கு. காரணம், மண்டபத்துக்குள் சீக்கிரமே போய்விட வேண்டும். சோதனை எல்லாம் உண்டு. அப்புறம் 5 மணி வரை சாப்பாடு கிடையாது. வயிறு முட்டச் சாப்பிட்டால் தூக்கம் வரும். குறைவாகச் சாப்பிட்டால் 4 மணிக்குத் தலை சுற்றும். எவ்வளவு சாப்பிட்டால் 5 மணி வரை தாங்குகிறது என்பதை இந்த 8 ஞாயிறுகளில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு இட்லியும் கொஞ்சம் தயிர்சாதமும் சிலருக்குச் சரியாக இருக்கும். சிலருக்கு முட்டை வேண்டும். பரீட்சை அன்று புதிதாக எதையும் தின்னக் கூடாது. முந்தின நாள் ஓட்டல் பிரியாணியும் கூடாது.

1½ மணிக்கு மேஜை முன் உட்காருங்கள். கட்டிலில் அல்ல. கைக்கடிகாரம் கட்ட அனுமதி இல்லை. எனவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே எழுதுங்கள். சொந்தப் பேனா கொண்டு போக முடியாது. அங்கே கொடுக்கிற கறுப்பு பால்பாயிண்ட் பேனாதான். வீட்டிலும் சாதாரணக் கறுப்புப் பேனாவால் வட்டங்களை நிரப்பிப் பழகுங்கள். விடைத்தாள் மாதிரியை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். சரியான 5 மணிக்கு அம்மா வந்து தாளைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். "இரு, ஒரே நிமிஷம்" என்பதெல்லாம் கிடையாது.

உடையும் அப்படியே. அரைக்கைச் சட்டை, செருப்பு. நகை வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பெண் வாசலில் தோட்டைக் கழற்றத் திணறி, கண்கலங்கி உள்ளே போவதைப் பார்க்கிறோம். அந்த ஆண்டு அறிவிப்பில் உடை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று வரி விடாமல் படித்துவிடுங்கள். முந்தின நாளே ஒரு தடவை தேர்வு நடக்கும் இடத்துக்குப் போய் வந்துவிடுங்கள். பஸ் எது, நிழல் எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரிந்த இடத்தில் பயம் குறைவு.

நெஞ்சு படபடக்கிறதே?

படபடக்கட்டும்! பயம் வந்தால் உடம்பு ரத்தத்தை வேகமாக ஓட்டுகிறது. கை ஜில்லிடுகிறது. இது வியாதி அல்ல. உடம்பு வேலைக்குத் தயாராவதன் அடையாளம்.

அமெரிக்காவில் மேல்படிப்பு நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.ஈ. எழுத இருந்த மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், "படபடப்பு வந்தால் கவலைப்படாதீர்கள், அது நன்றாக எழுத உதவக்கூடும்" என்று சொல்லிவைத்தார்கள். மற்றவர்களிடம் சொல்லவில்லை. கணக்குப் பகுதியில் சொல்லப்பட்டவர்களே கூடுதல் மார்க்கு வாங்கினார்கள். இது 2010-ல் வெளிவந்த ஆராய்ச்சி.

பரீட்சைக்கு முன் 10 நிமிடம் தம் கவலைகளைத் தாளில் எழுதியவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று 2011-ல் வேறு ஒரு ஆராய்ச்சியும் சொன்னது. ஆனால் 2018-ல் மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. எழுதினால் மனம் லேசாகும் என்றால் எழுதுங்கள். மார்க்கு கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மண்டபத்தில் திடீரென்று எல்லாம் மறந்தது போல இருந்தால், பேனாவைக் கீழே வையுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். ஐந்தாறு தடவை. சுமார் ஒரு நிமிடம்தான் ஆகும். பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, தெரிந்த கேள்விக்குப் போங்கள். ஒரு கேள்வியோடு 6 நிமிடம் மல்லுக்கட்டினால், ஆறு கேள்விகளைப் பலி கொடுத்ததாக ஆகும்.

பெற்றோர்களுக்கு

இந்த ஓராண்டில் பிள்ளையின் மனதைக் கரைப்பது பாடம் அல்ல. காதில் விழும் பேச்சு.

"உன்கூடப் படித்தவள் கல்லூரிக்குப் போய்விட்டாள்." "இந்தத் தடவையாவது..." "உனக்காக நகையை அடகு வைத்திருக்கிறேன்."

பணத்தைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு நாள் உட்கார வைத்து, நம்மால் எவ்வளவு முடியும், எத்தனை தடவை முடியும் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு அதை எடுக்காதீர்கள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் நிச்சயமாக எடுக்காதீர்கள்.

சென்ற ஆண்டு மார்க்கோடு இந்த ஆண்டு மார்க்கை ஒப்பிடுவதும் சரி அல்ல. 2024-ல் பலர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-ல் அகில இந்திய அளவில் முதலிடம் பெற்றவரின் மார்க்கே 686. கேள்விகள் கடினமானால் எல்லோருக்கும்தான் குறையும். இடத்தைத் தீர்மானிப்பது வரிசை எண்.

இன்னொரு வழியையும் திறந்து வையுங்கள். நர்சிங், பார்மசி, விவசாயம் என்று பிளஸ்-2 மார்க்கின் பேரில் கிடைக்கும் படிப்புகளுக்கு விண்ணப்பம் போட்டு வைப்பது அபசகுனம் அல்ல. இது போனால் எல்லாம் போச்சு என்று நினைக்கிற கைதான் அதிகமாக நடுங்கும்.

பிள்ளை சில வாரங்களாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, "நான் இருந்து என்ன பயன்" என்கிறாள் என்றால், அதைப் பரீட்சைக் கவலை என்று ஒதுக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" சேவையின் 14416 என்ற எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. "நீட்" காரணமாகத் தமிழ்நாடு இழந்த பிள்ளைகள் போதும். ஒரு மருத்துவ இடத்துக்காக ஒரு பிள்ளையைப் பறிகொடுக்க எந்த வீட்டுக்கும் முடியாது.

பரீட்சை அன்று மாலை 5 மணிக்கு மேல் வாசலில் பெற்றோர் கூட்டமாக நிற்பார்கள். கதவு திறந்ததும் "எத்தனை கேள்வி எழுதினாய்?" என்று நாலாபுறமும் குரல் கேட்கும். அன்று இரவே விடைகளும் போனில் சுற்ற ஆரம்பிக்கும். மார்க்கு எண்ணுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை காலை 10½ மணிக்குச் சாப்பிட்டது. ஒரு பாட்டில் தண்ணீரும், வீட்டில் கட்டிய பொட்டலமும் கையில் இருக்கட்டும்.